விக்டோரியா தியேட்டருக்கு டிக்கெட் எடுத்தாச்சா? ஒரு மணி நேரம் முன்னாடியே போங்கள்

சிங்கப்பூர் நகர நடுவில், ஆற்றோரத்தில், உயரமான கடிகாரக் கோபுரத்தோடு வெள்ளையாக நிற்கிறதே, அந்த விக்டோரியா தியேட்டரையும் அதை ஒட்டிய விக்டோரியா கான்சர்ட் ஹாலையும் பற்றித்தான் எழுதுகிறேன். 2010-இல் மூடி, நான்கு வருடம் வேலை பார்த்து, 158 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலவில் 2014 ஜூலையில் திரும்பத் திறந்தார்கள். திறந்து இத்தனை வருடம் ஆகியும், ஏழரை மணி நிகழ்ச்சிக்கு ஏழு இருபத்தைந்துக்கு டாக்சியில் வந்து இறங்கி, டிக்கெட்டைக் காட்டி, இருட்டில் இருக்கையைத் தேடி உட்கார்ந்து, முடிந்ததும் அப்படியே டாக்சி பிடித்துப் போகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. அந்தக் கட்டடத்தில் எதை வைத்துக்கொண்டார்கள், எதை இடித்தார்கள், ஏன் என்று தெரிந்துகொண்டு உள்ளே போனால் அதே டிக்கெட்டுக்கு இரண்டு மடங்கு கிடைக்கும். அதை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

முதலில் டிக்கெட். இரண்டு அரங்குகளும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் வேலை வேறு வேறு. நாடகம், நடனம் எல்லாம் தியேட்டரில். சிம்பொனி, சேம்பர் இசை (சில வாத்தியங்கள் மட்டும் சேரும் சிறு குழு இசை), பாடகர் குழு, ஆர்கன் எல்லாம் கான்சர்ட் ஹாலில். டிக்கெட்டில் எது போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உள்ளே வந்த பிறகு தவறான வாசல் வரிசையில் நின்று நேரத்தை விடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் விற்கும் சிஸ்டிக் இணையதளத்தில் எடுக்கலாம், கட்டணத்துக்கு மேல் முன்பதிவுத் தொகை தனியாக வரும். சிங்கப்பூர்க் குடிமக்களாக இருந்து 2025-இலேயே 18 வயது ஆகியிருந்தால் உங்களுக்கு எஸ்ஜி கல்ச்சர் பாஸில் (கலை நிகழ்ச்சிகளுக்கு அரசு தரும் தொகை) 100 வெள்ளி இருக்கிறது, 2028 டிசம்பர் 31 வரை செல்லும், உள்ளூர்க் கலை நிகழ்ச்சிகளுக்குத் தகுதி இருந்தால் அதிலேயே கழித்துக்கொள்ளலாம். அம்மா அப்பா பெயரிலும் அது சும்மா கிடக்கும், அவர்களுக்கும் சேர்த்து எடுத்து அழைத்துப் போங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் வயது வரம்பைப் பார்க்காமல் எடுக்க வேண்டாம். சிம்பொனிக் கச்சேரிகள் பலவற்றுக்கு 6 வயது நிரம்பியிருக்க வேண்டும், குழந்தைகளுக்கென்றே நடத்தும் நிகழ்ச்சிகள் வேறு கணக்கு.

இருக்கை எங்கே எடுப்பது என்பதை நான் நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் புதுப்பிப்பின் பாதிக் கதை அதில்தான் இருக்கிறது.

கான்சர்ட் ஹாலில் இப்போது 673 இருக்கைகள். முன்பு இதைவிட அதிகம். குறைத்ததற்குக் காரணம் பால்கனி. 1980-இல் சிங்கப்பூர் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவுக்காக இந்த மண்டபத்தை மாற்றியபோது கூடுதல் ஆட்களை உட்கார வைக்க ஆழமான ஒரு பால்கனியை உள்ளே நீட்டினார்கள். அப்படி நீட்டினால் என்ன ஆகும்? இசை என்பது மேடையிலிருந்து நேராக வருவது மட்டுமில்லை, உயரமான கூரையிலும் பக்கச் சுவர்களிலும் பட்டுத் திரும்பி வருவதும் சேர்ந்துதான் அந்த நிறைவு வருகிறது. ஆழமான பால்கனிக்கு அடியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தலைக்கு மேலே தாழ்வாக ஒரு தளம், கூரையில் பட்டு வரும் ஒலி அவரிடம் வந்து சேராது. அதோடு மண்டபத்தின் பழைய அளவும் அழகும் கெட்டுப்போனது. 2010-இல் தொடங்கிய வேலையில் அந்தப் பால்கனியை எடுத்துவிட்டு ஆழம் குறைந்த ஒன்றைப் போட்டார்கள். அதனால்தான் உள்ளே நுழைந்ததும் மண்டபம் உயரமாக, மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது.

ஆகவே இங்கே என் யோசனை இதுதான். காசு கொஞ்சம் மிச்சப்படுத்த வேண்டும் என்றால் மேலே சர்க்கிளில், அதாவது பால்கனியில், நடு இருக்கையைத் தாராளமாக எடுங்கள். ஒலி நன்றாகக் கலந்து வரும், ஆர்க்கெஸ்ட்ரா முழுவதையும் மேலிருந்து பார்க்கலாம், எந்த வாத்தியம் எப்போது சேருகிறது என்று கண்ணுக்கே தெரியும். கீழே முன் இரண்டு மூன்று வரிசைகளை விலை அதிகமானதுதான் நல்லது என்று நினைத்து எடுக்காதீர்கள். வயலின்காரர்களின் காலணி மட்டும்தான் தெரியும், பின்னால் ஊதுகிறவர்களைப் பார்க்கவே முடியாது. பியானோ தனிக் கச்சேரி என்றால் மட்டும் வாசிப்பவரின் கை தெரிய இடது பக்கமாக எடுங்கள். பக்கவாட்டு சர்க்கிளில் மேடையின் ஒரு பகுதி மறையலாம், அதற்கு ஏற்பத்தான் விலையும் குறைவாக இருக்கும், முன்பதிவுப் பக்கத்தில் அது குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மேடைக்குப் பின்னால் ஜெர்மனியின் கிளைஸ் நிறுவனம் செய்த குழாய் ஆர்கன் நிற்கிறது. அது வாசிக்கப்படும் நிகழ்ச்சி ஒன்று வந்தால் விடாதீர்கள், அந்த அடிநாதம் இருக்கையின் கைப்பிடியில் வந்து தெரியும்.

தியேட்டரின் கதை முற்றிலும் வேறு. வெளி முகப்பை வைத்துக்கொண்டு உள்ளே இருந்ததை இடித்து முழுக்கப் புதிதாகக் கட்டினார்கள். இப்போது 614 இருக்கைகள். பழைய தியேட்டரைப் பார்த்து வளர்ந்தவர்களில் சிலருக்கு இது இன்றும் வருத்தம். நான் அந்தப் பக்கம் இல்லை. அந்த உட்புறம் ஏற்கெனவே பல முறை மாற்றப்பட்டது, முதலில் நகர மன்றமாகக் கட்டியதை அப்புறம் நாடக அரங்காக்கி, அதையும் திரும்பத் திரும்பத் திருத்தியது. பழையது என்பதற்காகவே எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்றில்லை, இன்று நாடகம் போடுகிறவருக்குப் பயன்படாத மேடையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்த மாதிரி வைத்திருந்தால் அங்கே நாடகம் வராது. எனக்கு இருக்கிற ஒரே குறை இருக்கைகள் குறைந்ததுதான். 600 பேருக்கான அரங்கில் ஒரு பெரிய தயாரிப்பைப் போடும் குழு டிக்கெட் விலையை ஏற்றாமல் சமாளிப்பது கஷ்டம், சிறிய மொழிக் குழுக்களுக்கு அது இன்னும் கஷ்டம்.

தியேட்டரில் பரதம் பார்க்கப் போகிறீர்கள் என்றால் முதல் வரிசையைத் தவிர்த்துவிடுங்கள், மேடை விளிம்பு பாதத்தை மறைத்தால் ஜதியில் பாதி போய்விடும். கீழ்த்தளத்தில் நடுப்பகுதி, அல்லது மேலே சர்க்கிளின் முன்வரிசை. குழு நடனம் என்றால் மேலேதான் சிறப்பு, அமைப்பு மாறுவது முழுக்கத் தெரியும். நாடகம் என்றால் முகபாவம் தெரிகிற தூரத்தில் கீழேயே உட்காருங்கள். மேலே திரையில் மொழிபெயர்ப்பு ஓடும் நாடகமாக இருந்தால் ரொம்ப முன்னால் உட்கார வேண்டாம், கழுத்தை நிமிர்த்தி நிமிர்த்தி நாடகத்தையும் கோட்டை விடுவீர்கள். தமிழ் தெரியாத நண்பர் ஒருவரைத் தமிழ் நாடகத்துக்கு அழைத்துப் போகும்போது இதை மறக்காதீர்கள்.

சரி, போகும் வழி. டாக்சி வேண்டாம். ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி ஆற்றுப் பக்கம் நடங்கள், பொடிநடையாகப் போனாலும் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். ஃபுல்லர்டன் ஹோட்டலைத் தாண்டினால் கேவனா பாலம், நடப்பவர்களுக்கு மட்டும். பாலத்தின் முனையில் ஒரு பழைய அறிவிப்புப் பலகை இருக்கிறது, கனமான வண்டிகளும் மாடுகளும் குதிரைகளும் பாலத்தில் போகக் கூடாது என்று. பிள்ளைகள் கூட இருந்தால் அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள்.

பாலத்தைக் கடந்ததும் ஆசிய நாகரிக அரும்பொருளகம். அதன் அருகே திறந்தவெளியில் ஒரு கூர்ந்த தூண் நிற்கும், டல்ஹௌசி நினைவுத்தூண். 1850-இல் இந்தியாவின் தலைமை ஆளுநர் டல்ஹௌசி பிரபு இங்கே வந்துபோனதன் நினைவாக வைத்தது. எல்லோரும் அதைத் தாண்டி ஆற்றைப் படம் எடுக்கப் போகிறார்கள். நீங்கள் நில்லுங்கள், நான்கு பக்கமும் சுற்றி வாருங்கள். ஆங்கிலம், ஜாவி (அரபு எழுத்தில் எழுதும் மலாய்), சீனம், அப்புறம் தமிழ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே இந்த ஊரின் நடுவில் கல்வெட்டாகத் தமிழ் நிற்கிறது. இந்தத் தூணை வடிவமைத்தவர் ஜான் டர்ன்புல் தாம்சன். நீங்கள் போகப்போகும் தியேட்டரின் முதல் கட்டடத்தை வடிவமைத்தவர் ஜான் பென்னட், அது 1862-இல் நகர மன்றமாக முடிந்தது.

சிட்டி ஹால் எம்ஆர்டி வழியாக வருகிறவர்களும் இழக்க வேண்டியதில்லை. நிலையத்தின் வாசலிலேயே செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம், இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பில் எழுந்தது. அதன் உட்சுவருக்குப் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு: கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். நம் ஊர்ப் பக்கம் பழைய வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு உடனே தெரியும். கதவு திறந்திருந்தால் ஐந்து நிமிடம் உள்ளே போய்வந்துவிட்டு பாடாங் திடலை ஒட்டி நடந்து வாருங்கள்.

இப்போது கட்டடத்தின் முன்னால் வந்துவிட்டோம். உள்ளே போவதற்கு முன் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். நடுவில் கோபுரம், 54 மீட்டர் உயரம், இரண்டு பக்கமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு முகப்புகள். ஒரே நாளில் கட்டியதாகத் தோன்றும், ஆனால் இரண்டுக்கும் நடுவே நாற்பது வருடத்துக்கு மேல். நகர மன்றம்தான் மூத்தது. விக்டோரியா மகாராணி இறந்த பிறகு அவர் நினைவாகப் பக்கத்தில் ஒரு மண்டபம் கட்ட முடிவு செய்து, 1905-இல் திறந்தார்கள், அதுதான் இன்றைய கான்சர்ட் ஹால். புதுசும் பழசும் ஒட்டாமல் தெரியக் கூடாதென்று பழைய நகர மன்றத்துக்கும் அதே முகப்பைப் போட்டு நாடக அரங்காக மாற்றினார்கள், அந்த வேலை 1909-இல் முடிந்தது. சென்னை சென்ட்ரல் பக்கத்தில் இருக்கும் விக்டோரியா பப்ளிக் ஹாலும் அதே மகாராணியின் பெயர்தான், ஆனால் அது அவர் உயிரோடு இருந்தபோதே கட்டியது, கட்டட பாணியும் வேறு.

முன்னால் நிற்கும் கறுத்த வெண்கலச் சிலை, இங்கே பிரிட்டிஷ் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ். இதுதான் அசல், 1887-இல் செய்தது. ஆற்றங்கரையில் எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் வெள்ளைச் சிலை இதன் நகல். 1919-இல் இந்த வெண்கலச் சிலையை பாடாங்கிலிருந்து இங்கே கொண்டுவந்தபோது, ஏற்கெனவே இந்த இடத்தில் நின்ற ஒரு வெண்கல யானையை நகர்த்த வேண்டி வந்தது. சயாம் மன்னர் சூலாலங்கோர்ன் 1871-இல் வந்துபோனதன் நினைவாகக் கொடுத்த யானை அது. இப்போது பக்கத்திலேயே, பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னால் நிற்கிறது. இரண்டு நிமிட நடைதான், பிள்ளைகளுக்கு ராஃபிள்ஸைவிட அதுதான் பிடிக்கும்.

கான்சர்ட் ஹால் பக்கம் பார்த்துக்கொண்டு இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியர் குண்டு போட்டபோது அந்த மண்டபம் மருத்துவமனையாக இருந்தது. போர் முடிந்ததும் போர்க்குற்ற விசாரணைகள் அங்கேதான் நடந்தன. 1954 நவம்பர் 21-ஆம் தேதி மக்கள் செயல் கட்சி அங்கேதான் தொடங்கப்பட்டது. 1963 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூரில் தொலைக்காட்சி வந்த இரவிலும் அழைக்கப்பட்டவர்கள் உட்கார்ந்து பார்த்தது அந்த மண்டபத்தில்தான். தொடங்கி வைத்தவர் அன்றைய கலாசார அமைச்சர் எஸ். ராஜரத்தினம், யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர்.

ஆனால் எல்லாவற்றையும் விட நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பது தியேட்டர் பக்கத்துக் கதைதான். 2014-க்கு முன்னாலும் இந்தத் தியேட்டரைப் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள். 1950-களில் நகராட்சி மன்றம் அதைச் சீரமைத்தது, திறப்பு விழாவுக்கு ஒரு பாட்டு வேண்டும் என்று இசையமைப்பாளர் ஸுபிர் சைத்திடம் கேட்டது. அவர் சுமத்ராவிலிருந்து வந்து இங்கே மலாய்ப் படங்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்தவர். 1958 செப்டம்பர் 6-ஆம் தேதி, திறப்பு விழாக் கச்சேரியில் அந்தப் பாட்டு முதன்முதலாகப் பாடப்பட்டது. பாட்டின் பெயர் மஜுலா சிங்கப்பூரா. அடுத்த வருடம் சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றபோது அதையே கொஞ்சம் சுருக்கி எடுத்துக்கொண்டார்கள், 1959 டிசம்பர் 3-ஆம் தேதி கொடியோடு சேர்த்து அறிமுகமானது, 1965-இலிருந்து ஒரு நாட்டின் தேசிய கீதம். யோசித்துப் பாருங்கள், ஒரு நாட்டின் கீதம் பிறந்தது ஒரு தியேட்டரைச் சரிசெய்து திறந்த விழாவுக்காக. இந்த மாதிரித் திறப்பு விழாக்களை ரிப்பன் வெட்டும் சடங்கு என்று யாராவது தள்ளிவிட்டால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் அதைப் பாடும் பிள்ளைகளை இந்த வாசலில் நிறுத்தி இதைச் சொல்லுங்கள்.

உள்ளே போனதும் இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே கண்ணாடிக் கூரை போட்ட கூடத்தில் நில்லுங்கள். முன்பு அடைத்துக் கிடந்த இந்த இடைவெளியைத் திறந்து வெளிச்சம் வர வைத்தது, என் கணக்கில், இந்த வேலையிலேயே மிகச் சரியான முடிவு. இங்கே ஒரு பக்கம் பழைய சுவர், இன்னொரு பக்கம் புதியது. புதியதைப் பழையது போல வேஷம் போட வைக்கவில்லை, இது இன்றைய வேலை என்று பார்த்ததுமே தெரிகிறது. தியேட்டர் பக்கம் சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். பழைய தியேட்டரில் இருந்த நாற்காலிகளின் மரப் பலகைகளையும் வார்ப்பிரும்புத் தாங்கிகளையும் தூக்கி எறியாமல் சுவரில் சேர்த்திருக்கிறார்கள். உட்புறம் முழுக்கப் போனது என்று வருத்தப்படுகிறவர்களிடம் நான் காட்டுவது இதைத்தான். வயதான பெற்றோருடன் வந்தால் இங்கே கொஞ்சம் நேரம் விடுங்கள், முன்பு அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தவர்களாக இருந்தால் அவர்களே கதை சொல்லத் தொடங்குவார்கள்.

சில நடைமுறை விஷயங்கள். குளிர் அதிகம், ஒரு சால்வை கட்டாயம். பட்டுப்புடவையோ கோட்டோ தேவையில்லை, சுத்தமாக இருந்தால் போதும். தாமதமாக வந்தால் இடைவெளி கிடைக்கும்போதுதான் உள்ளே விடுவார்கள், சேம்பர் இசையில் அந்த இடைவெளி இருபது நிமிடம் கழித்தும் வரலாம். சக்கர நாற்காலி வேண்டும் என்றால் முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், அன்றைக்கு வாசலில் கேட்டால் இடம் இருக்காது. மின்தூக்கி இருக்கிறது. கூடத்தில் படம் எடுத்துக்கொள்ளலாம், அரங்குக்குள் விளக்கு அணைந்த பிறகு ஃபோனை எடுக்கவே வேண்டாம். மேற்கத்திய இசைக்குப் பழக்கமில்லாதவர்கள் எப்போது கைதட்டுவது என்று தவிக்க வேண்டியதில்லை, நடத்துநர் கையை முழுக்க இறக்கிவிட்டு அவையைப் பார்த்துத் திரும்பும் வரை காத்திருங்கள். நம் கச்சேரியில் சங்கதிக்குச் சங்கதி "ஆஹா" சொல்லிப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான்.

டிக்கெட் விலை தடையாக இருந்தால் பெரிய நிகழ்ச்சியில் தொடங்க வேண்டாம். கான்சர்ட் ஹாலில் மதிய நேரக் குறுங்கச்சேரிகள் வருவதுண்டு, பகல் வெளிச்சத்தில் கட்டடத்தைப் பார்க்க அதுவே நல்ல நேரம். நடுக்கூடத்தில் நிற்க டிக்கெட்டே தேவையில்லை.

சாப்பாட்டை நிகழ்ச்சிக்கு முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள், ஏழரைக்குத் தொடங்கினால் முடிய ஒன்பதரை ஆகும். சனிக்கிழமை சாயங்காலம் என்றால் லாவ் பா சாட் உணவங்காடிக்குப் போய் சாத்தே (குச்சியில் சுட்ட இறைச்சி) சாப்பிட்டுவிட்டு ஆற்றைக் கடந்து நடந்து வரலாம், கால் மணி நேரம். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் லிட்டில் இந்தியாவில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. அங்கிருந்து வடகிழக்கு ரயிலில் தோபி காட், அடுத்தது கிளார்க் கீ, இறங்கி ஆற்றோரமாகவே நடந்தால் யானை நிற்கும் பக்கமாக வந்து சேர்வீர்கள். திரும்பும்போதும் அதே வழி, கிளார்க் கீயிலிருந்து லிட்டில் இந்தியா இரண்டே நிறுத்தம்.